சின்ன வீட்டுப் பாஸ்கா

இன்றைய பேச்சு ஒரு சேவலிலிருந்து தொடங்குகிறது.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் இரண்டாவது வாரம். கல்முனையில் மண்ணெண்ணெய் வரிசையொன்றில் வெற்றுக் கலனுடன் நின்றுகொண்டிருந்தேன். நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அறிவித்தது அந்த மாதம் 12ஆம் திகதி. அந்த வாரந்தான் இது. சமையல் எரிவாயு இல்லை, பால்மா இல்லை, மின்சாரம் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாது. ரமழான் நோன்பு வேறு. எனக்கு முன்னால் நான்கைந்து பேருக்கு அப்பால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். என் அயல்வீட்டு மாஸ்டர். ஓய்வுபெற்ற ஆசிரியர். மூன்று ஆண்டுகளாக நாங்கள் சந்தையில் கண்டால் தலையசைப்போம், அதற்கு மேல் இல்லை.

"தம்பி, ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். வீட்டில ஒரு சேவல் நிக்குது. அறுத்தா ரெண்டு பேருக்குக் கூட. கரண்டும் இல்ல, குளிர்ப்பெட்டியில வைக்கவும் ஏலாது. நீங்க வந்து அறுத்துத் தாறீங்களா?"

சரி என்றேன். வீடு வந்து மனைவியிடம் சொன்னபோதுதான், அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு விளங்கல்லியா? அவங்கட சேவல அறுக்க ஆள் இல்லாமயா உங்களக் கேட்ட?" என்றாள். முஸ்லிம் ஒருவன் பிஸ்மி சொல்லி அறுத்தால்தான் முஸ்லிம் வீட்டார் சங்கடமில்லாமல் உண்ணலாம். மாஸ்டர் எங்களை விருந்துக்கு அழைத்திருக்கிறார். அழைக்கும் வார்த்தையைச் சொல்லாமல் அழைத்திருக்கிறார்.

ஏன் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்தச் சேவலுக்குரிய சரித்திரத்தைப் பார்ப்போம். அது மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு கேள்வியைத் தன் காலில் கட்டிக்கொண்டு நின்ற சேவல்.

ஈஸ்டர் என்று ஆங்கிலத்தில் சொல்லும் இந்த நாளுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் பாஸ்கா என்றும், சிங்களவர் பாஸ்கு என்றும், அரபியர் ஈதுல் பிஸ்ஹ் என்றும் சொல்கிறார்கள். மூன்றும் ஒரே சொல்லின் பிள்ளைகள். எபிரேயத்தில் அது பெஸாஹ். மூஸா நபியும் அவருடைய மக்களும் பிர்அவ்னின் கொடுமையிலிருந்து தப்பி எகிப்தை விட்டுப் புறப்பட்ட இரவை நினைவுகூரும் யூதரின் பெருநாள். அந்த விடுதலையை எண்ணித்தான் நாமும் முஹர்ரம் 10இல் ஆஷூரா நோன்பு பிடிக்கிறோம். ஈஸா நபியின் இறுதி நாட்கள் இந்தப் பெருநாளையொட்டி அமைந்தன என்பது கிறிஸ்தவரின் வரலாறு. அதனால் யூதரின் பெருநாட்பெயரே கிறிஸ்தவரின் பெருநாளுக்கும் பெயராயிற்று.

அந்த முதலாவது பாஸ்கா இரவின் உணவுக்கு விதிமுறைகள் தவ்றாத்திலே, கிறிஸ்தவர்கள் யாத்திராகமம் என்று சொல்லும் நூலின் 12ஆம் அதிகாரத்திலே, மிக நுணுக்கமாகக் கூறப்பட்டுள்ளன. ஒரு வயதுடைய ஆட்டுக்குட்டி. அவிக்கக்கூடாது, நெருப்பில் சுடவேண்டும். புளிக்காத ரொட்டியும் கசப்புக் கீரையும் சேர்த்து உண்ணவேண்டும். உண்ணும் நேரம் இரவு. விடியும்வரை எதையும் மிச்சம் வைக்கக்கூடாது. இவையெல்லாம் பலருக்குத் தெரிந்தவை. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால், நான்காவது வசனத்திலேயே ஒரு விதி நிற்கிறது. மாஸ்டர் காட்டித்தரும் வரை நான் கவனித்ததில்லை. ஒரு வீட்டில் ஆட்கள் குறைவாயிருந்து, ஒரு குட்டியைத் தின்றுமுடிக்க இயலாதென்றால், அந்த வீட்டார் தமக்கு அடுத்த வீட்டாருடன் சேர்ந்து, தலைக்கணக்குப் பார்த்து அதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பதே அது.

அதாவது, சின்ன வீட்டின் பாஸ்காவை எப்படித் திட்டமிடுவது என்ற கேள்வி பின்னால் வந்தவர்கள் உண்டாக்கியதன்று. அந்த விருந்தோடு சேர்ந்தே பிறந்தது. அதற்கு விடை, விருந்தைச் சுருக்குவதன்று, அயல்வீட்டாரைச் சேர்ப்பது.

மாஸ்டரின் வீடு இன்றைய கல்முனைக் கரையில் எத்தனையோ வீடுகளைப் போன்றது. பிள்ளைகள் இருவரும் கடல்கடந்து போய்விட்டார்கள். ஒரு காலத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் அமர்ந்த மேசையில் இரண்டு பேர். மாஸ்டர் மெதடிஸ்தர். அவருடைய துணைவி, எங்கள் ஊரில் பாதிப்பேருக்கு எழுத்தறிவித்த டீச்சர், பிறப்பால் கத்தோலிக்கர். தாய்வழியில் அக்கரைப்பற்றுப் பறங்கியர் குடும்பம். ஒரே வீட்டில் அவர் ஈஸ்டர் என்பார், இவர் பாஸ்கா என்பார். அவர் லெந்து காலம் என்பார், இவர் தபசுகாலம் என்பார். மீன் வாங்கும் நாட்களைப் பற்றி மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

இந்த இரண்டு சபைகளும் இங்கு வந்த கதையை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடலாம். மெதடிஸ்த மிஷன் மட்டக்களப்புக்கு வந்தது 1814இல். வில்லியம் ஓல்ட் என்ற இளம் பாதிரியார் வந்து, பள்ளிக்கூடம் அமைத்து, ஓராண்டு முடியுமுன்பே 1815 ஏப்ரலில் இறந்துபோனார். அவருக்குப் பின் வந்தவர்களின் கைவேலைதான் தெற்கே கல்முனைவரை நீண்ட பாடசாலைகள். இங்குள்ள உவெஸ்லி உயர்தரப் பாடசாலையில் எழுத்துப் படித்த முஸ்லிம்களுக்குக் கணக்கில்லை.

கத்தோலிக்கரின் கதை இன்னும் பழையது, அதில் எமது கதையும் பின்னிக் கிடக்கிறது. 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடங்கொடுத்து, சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டும் செய்தி. இந்தக் கரையில் அதற்கு முன்பும் முஸ்லிம்கள் இருந்தார்கள், அது வேறு பேச்சு. வேடிக்கை என்னவென்றால், எம்மை மேற்கே துரத்தியவர்கள் இரண்டு ஆண்டுகளில் கிழக்கேயும் வந்து, 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டிவிட்டார்கள். பத்தே ஆண்டுகள். 1638 மே மாதத்தில் ஒல்லாந்தர் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து அந்தக் கோட்டையைப் பிடித்தார்கள்.

கோட்டை போயிற்று, போர்த்துக்கேயரின் பிள்ளைகள் போகவில்லை. மட்டக்களப்பிலும் அக்கரைப்பற்றிலும் கொல்லராக, தச்சராக, சப்பாத்துத் தைப்பவராகத் தங்கிவிட்டார்கள். தமிழ் கலந்த ஒரு போர்த்துக்கேய மொழியை வீட்டுக்குள் பேசிவந்தார்கள். அந்த மொழியை ஆராய அறிஞர்கள் வந்தார்கள். அக்கரைப்பற்றிலே தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்தப் பறங்கியரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை. குருமார் இல்லை, கோயில் இல்லை. அப்படியான காலங்களில் பாஸ்கா வீட்டுக்குள்ளே சுருங்கியது. கதவைச் சாத்திக்கொண்டு, இருக்கிறவர்கள் மட்டும் கூடிய பெருநாள். சின்ன வீட்டுப் பாஸ்கா என்பது இந்நாட்டுக் கத்தோலிக்கருக்கு ஒரு தலைமுறைக்கு மேல் வேறு வழியில்லாத வழக்கமாயிருந்தது.

போர்த்துக்கேயரோடு எமக்கு இருந்த பகையைச் சரித்திரப் புத்தகங்கள் சொல்லும். எமது வாய் வேறொன்றைச் சொல்லும். உங்கள் வீட்டுக் குசினிக்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள். குசினி என்பதே அவர்களுடைய சொல். அங்கே கிடக்கும் மேசை, கதிரை, வாங்கு, அலுமாரி, தாச்சி, கோப்பை, துவாய், யன்னல் எல்லாம் அவர்களுடையவை. பாண் அவர்களுடையது. வினாகிரி, கோவா, அன்னாசி எல்லாம் அவர்களுடையவை. உம்மாமார் பாதிரியைக் கண்டால் முக்காட்டை இழுத்துக்கொள்வார்கள். ஆனால் பாதிரியின் சொல்லில்லாமல் ஒரு வேளை சமைத்திருக்க மாட்டார்கள்.

இனி டீச்சரின் பட்டியலுக்கு வருவோம். சனிக்கிழமை அஸருக்குப் பின் நான் கத்தியுடன் போனபோது, அவர் பழைய அப்பியாசக் கொப்பியொன்றில் எழுதி வைத்திருந்தார். கணக்கு டீச்சரல்லவா, அளவெல்லாம் தலைக்கணக்குப்படி.

சேவல் ஒன்று, ஒன்றரைக் கிலோ வரும். சம்பா அரிசி மூன்று சுண்டு. தேங்காய் இரண்டு. பாகற்காய் கால் கிலோ. பாண் ஒரு இறாத்தல். முட்டை நான்கு, சாயம் போட. வெங்காயத்தோல் ஒரு கைப்பிடி, அதை வாரம் முழுவதும் சேர்த்து வைத்திருந்தார். லவ் கேக் என்று முதலில் எழுதி, பின் வெட்டியிருந்தார். பறங்கியர் தங்கள் போர்த்துக்கேயப் பாட்டிமாரின் சொத்தென்று சொல்லும் அந்த இனிப்புக்கு ரவையும் கஜுவும் பட்டரும் இரண்டு டசின் முட்டை மஞ்சளும் வேண்டும். அந்த ஆண்டு அது கனவிலும் அவியாத பண்டம். ஆட்டிறைச்சி பட்டியலிலேயே இல்லை. எந்த ஆண்டும் இருந்ததில்லை என்றார். ஆட்டுக்குட்டி பாஸ்காவுக்குரியது என்று ஐரோப்பியர் இன்றும் தேடி வாங்குவார்கள். எமது கரையில் கிறிஸ்தவர் வீட்டுப் பெருநாள் இறைச்சி பெரும்பாலும் வளவில் நின்ற கோழிதான்.

நான்கு முட்டை என்றதும் எனக்கு ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. 1290ஆம் ஆண்டின் ஈஸ்டருக்காக இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்ட் 450 முட்டை வாங்கி, பொன்தகடும் சாயமும் பூசி அரண்மனையாருக்குக் கொடுத்தானாம். கணக்குப் புத்தகத்தில் அதற்கு 18 பென்ஸ் செலவு எழுதப்பட்டிருக்கிறது. முட்டைக்கும் ஈஸ்டருக்கும் உள்ள தொடர்பு பலர் நினைப்பதுபோல் பெரிய மர்மமொன்றுமல்ல. மத்தியகால ஐரோப்பாவில் தபசுகாலத்து நாற்பது நாளும் இறைச்சியோடு முட்டையும் பாலும் விலக்கப்பட்டிருந்தன. கோழிக்கு நோன்பு இல்லை, அது இட்டுக்கொண்டேயிருக்கும். நாற்பது நாளில் சேர்ந்த முட்டையைப் பெருநாளில் தின்று தீர்த்தார்கள். சிவப்புச் சாயம் போடுவது கீழைத்தேயக் கிறிஸ்தவரின் பழைய வழக்கம்.

முஸ்லிம்களுக்கு இந்தச் சாய முட்டை அந்நியமானதென்று யாரும் எண்ணவேண்டாம். எகிப்தில் கொப்திக்கரின் ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை ஷம்முன் நஸீம் என்றொரு வசந்த விழா உண்டு. பிர்அவ்ன்களின் காலத்திலிருந்து வருவதென்பார்கள். அன்றைக்கு முஸ்லிம்களும் கொப்திக்கரும் ஒன்றாகவே நீலாற்றங்கரையில் பாய் விரித்து, சாய முட்டையும் உப்பிட்ட மீனும் வெங்காயமும் உண்பார்கள். நெத்தலிக் கருவாடும் சின்ன வெங்காயமும் தெரிந்த எமது ஊருக்கு அந்தச் சாப்பாட்டின் ருசியை விளக்கத் தேவையில்லை.

கசப்புக் கீரைக்குப் பதிலாகப் பாகற்காய் வைத்தது டீச்சரின் யோசனை. பாண் புளித்த மாவில் செய்ததாயிற்றே, பழைய விதிக்கு முரணில்லையா என்று நான் கேட்டேன். "அது யூதருக்கு, தம்பி. எங்களுக்குப் புளிச்சாலும் பரவாயில்ல" என்றார் மாஸ்டர். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் இன்றும் அந்தப் பழைய விதியை விடவில்லை. பெரிய வியாழன் இரவு அரிசி மாவில் புளிக்காத பெசஹா அப்பம் அவித்து, வீட்டுத் தலைவர் பிட்டு, மூத்தவரிலிருந்து இளையவர் வரை வரிசையாகக் கொடுப்பார். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ப் பாலும் வெல்லமும் காய்ச்சிய பெசஹா பால். கோயிலில் அல்ல, ஒவ்வொரு வீட்டிலும். எபிரேயச் சொல் அப்படியே மலையாளக் கரையின் அடுப்பில் இருக்கிறது.

இனி நேரத்தின் கதை. மாஸ்டர் வீட்டில் ஈஸ்டர்ச் சாப்பாடு எப்போதும் பகலில்தான். ஞாயிறு காலை ஆராதனை முடிந்து வந்து, ஒரு மணிக்குச் சாப்பாடு. அந்த ஆண்டு டீச்சர் நேரத்தை மாற்றி எழுதியிருந்தார். மாலை ஆறு பத்து, மஃரிப் பாங்கு. நாங்கள் நோன்பாயிற்றே. அவர் எமக்காகச் செய்த மாற்றம் உண்மையில் பாஸ்காவை அதன் பழைய நேரத்துக்கே கொண்டுபோய்விட்டது. முதல் பாஸ்கா சூரியன் மறைந்தபின் உண்ட சாப்பாடல்லவா? விடியும்வரை மிச்சம் வைக்கக்கூடாது என்ற விதியை மின்வெட்டு பார்த்துக்கொள்ளும் என்று மாஸ்டர் சொல்லிச் சிரித்தார்.

ரமழானில் ஈஸ்டர் எப்படி வந்தது என்று சிலர் கேட்கக்கூடும். கிறிஸ்தவர் சூரியக் கணக்குக்காரர், நாம் பிறைக் கணக்குக்காரர் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஈஸ்டர் விடயத்தில் அது சரியல்ல. மார்ச் 21ஆம் திகதியிலோ அதன் பின்போ வரும் முதலாவது பூரணையை அடுத்த ஞாயிறே ஈஸ்டர். அந்தப் பூரணையை அட்டவணை பார்த்துக் குறிக்கிறார்கள். ஆகவே அது நிலவில் தொங்கும் பெருநாள். பூரணைக்குப் பின் வருவதனால், எந்த ஆண்டிலும் ஈஸ்டர் எமது பிறை மாதத்தின் நடுப்பகுதியைக் கடந்து, பெரும்பாலும் 22ஆம் நாளுக்குள் வந்துவிடும். 2022இல் அது ஏப்ரல் 17, எமக்கு ரமழான் பிறை 15. 2023இல் ஏப்ரல் 9, பிறை 17. 2024இல் மார்ச் 31, பிறை 20. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஈஸ்டர் எமது நோன்புக்குள் வந்தது. எமது மாதங்கள் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வதால், அடுத்த முறை இந்தச் சந்திப்புக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு காத்திருக்க வேண்டும்.

பிறைத் தகராறு எமக்கு மட்டும் உரியதென்று வெட்கப்படுவோருக்கு ஒரு செய்தி. ஆதிக் கிறிஸ்தவர்களில் சின்ன ஆசியாவில் இருந்தோர் யூதரைப்போல் பிறை 14இலேயே பாஸ்காவைக் கொண்டாடினார்கள், அது என்ன கிழமையானாலும். உரோமாபுரியார் ஞாயிறுதான் என்றார்கள். இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் உரோமாபுரித் தலைவர் விக்டர், கேளாதவர்களைச் சபையிலிருந்து விலக்கவும் முனைந்தார். 325இல் நைசியா நகரில் கூடிய மகாசபைதான் எல்லோரும் ஒரே ஞாயிறில் கொண்டாடவேண்டுமென்று தீர்மானித்தது. அதன்பின்பும் தகராறு முற்றாகத் தீரவில்லை. கீழைத்தேயச் சபையார் பழைய ஜூலியன் கணக்கை விடாததால் இன்றும் பல ஆண்டுகளில் வேறு ஞாயிறில் கொண்டாடுகிறார்கள். எமது பிறைக்குழுவினர் கொஞ்சம் ஆறுதலடையலாம்.

2022க்கு முன் ஈஸ்டர் ரமழானுக்குள் வந்தது 1990இலும் 1991இலும். 1990 ஏப்ரல் 15 ஈஸ்டர். நோன்பு திறந்துவிட்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. இரண்டு மாதம் கழித்து யூனில் யுத்தம் மூண்டது. அந்த யூனிலும் ஓகஸ்டிலும் இந்தக் கரையில் தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் விழுந்த மையித்துகளின் எண்ணிக்கையை இந்தப் பேச்சில் நான் கூறப்போவதில்லை. ஆனால் அந்தக் காலத்திலும் எமது இரண்டு வீட்டுக்கும் இடையில் பாத்திரம் போய்வருவது நின்றதில்லை. வேலியில் ஒரு பொட்டு இருந்தது. அதன் வழியாகப் போய்வந்தது.

நின்றது 2019இல்.

அந்த ஆண்டு ஏப்ரல் 21 ஈஸ்டர். அதை ஒட்டியே எமது ஷஃபான் பிறை 15 வந்தது. பராஅத்துக்கு ரொட்டி சுட்டிருந்தோம், வட்டிலப்பமும் அவித்திருந்தோம். காலையில் மாஸ்டர் வீட்டுக்கு அனுப்ப எடுத்து வைத்திருந்த நேரத்தில்தான் வானொலி சொல்லத் தொடங்கியது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், கொழும்பு ஹோட்டல்கள், பின் மட்டக்களப்புச் சியோன் தேவாலயம். ஞாயிறு பள்ளிக்கு வந்த குழந்தைகள் அங்கே இறந்தார்கள். எல்லா இடங்களிலுமாக 260க்கு மேற்பட்டோர். செய்தவர்களின் பெயர்கள் வெளிவந்தபோது அவை எமது பெயர்களாயிருந்தன.

டீச்சரின் உறவுப்பெண் ஒருத்தி சியோனில் காயப்பட்டு மட்டக்களப்பு வைத்தியசாலையில் கிடந்தாள். நான் போய்க் கேட்டிருக்க வேண்டும். போகவில்லை. எந்த முகத்தோடு போவது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்குப் பயம். அந்தக் கதவு திறக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அந்த வட்டிலப்பம் எமது குசினி மேசையிலேயே கிடந்து பழுதாகிப்போயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை, 26ஆம் திகதி இரவு, சாய்ந்தமருதில் வெடித்தது. புதிதாகக் குடிவந்தவர்கள்மேல் ஊரார் சந்தேகங்கொண்டு தகவல் கொடுத்து, படையினர் சுற்றிவளைத்த வீடு. குழந்தைகள் உட்படப் 15 பேர் அங்கே மாண்டார்கள். துப்பாக்கிச் சத்தம் எமது ஊர்வரை கேட்டது. தகவல் கொடுத்தவர்கள் முஸ்லிம்களே என்பதை நான் அடுத்த நாள் பலரிடம் சொன்னேன். மாஸ்டரிடம் மட்டும் சொல்லவில்லை. மே மாதம் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அப்போது மாஸ்டரும் எம்மிடம் வந்து ஒன்றும் கேட்கவில்லை. ஒருவர் வெட்கத்தை மற்றவர் கோபமென்று எண்ணிக்கொண்டோம் போலிருக்கிறது. 2020இல் ஈஸ்டர் ஊரடங்குச் சட்டத்துக்குள் வந்தது. அது எமக்கு வசதியாயிற்று. 2021இல் தேவாலய வாசலில் துப்பாக்கியுடன் காவல் நின்றது. அதுவும் வசதியாயிற்று. வேலிப் பொட்டில் கிளுவைக் கதியால் தழைத்துவிட்டது.

மூன்று ஆண்டு கழித்து மண்ணெண்ணெய் வரிசையில் மாஸ்டர் கேட்டது அந்தக் கேள்வி. அதனால்தான் அழைக்கும் வார்த்தை அதில் இல்லை. நான் மறுத்திருந்தால், அது சேவலை அறுக்க மறுத்ததாக மட்டும் முடிந்திருக்கும். இருவருக்கும் முகம் காப்பாற்றப்பட்டிருக்கும்.

ஞாயிறு மாலை நானும் மனைவியும் போனோம், வேலியால் அல்ல, வாசலால். மனைவி கையில் வட்டிலப்பம். மலாய்க்காரர் வழியாக எமது வீடுகளுக்கு வந்ததென்று பொதுவாகச் சொல்லப்படும் அதற்கு ஐந்து முட்டையும் கால் கிலோ கித்துள் கருப்பட்டியும் ஒரு தேங்காயின் முதற்பாலும் போதும். அந்த நாட்களில் அதுவே ஆடம்பரம். டீச்சர் முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சிரட்டையும் பொச்சும் எரித்துச் சமைத்திருந்தார். ஒரு தாச்சியில் கோழி ஆணம், அதே நெருப்பின் தணலில் நான்கு துண்டு தனியாகச் சுட்டது. மாஸ்டருக்கு யாத்திராகமத்தின் விதி மறக்கவில்லை. முட்டைகள் வெங்காயத்தோலில் அவிந்து செங்கல் நிறமாயிருந்தன. எமது வீட்டு நோன்புக் கஞ்சிப் பானையும் மேசையில் ஏறியது.

மேசை என்றதும் ஒன்று சொல்லவேண்டும். திருக்குர்ஆனின் ஐந்தாவது அத்தியாயத்துக்குப் பெயரே அல்மாயிதா. உணவு பரப்பிய மேசை என்பது அதன் கருத்து. ஈஸா நபியின் சீடர்கள் வானத்திலிருந்து உணவுத்தட்டு ஒன்று இறங்கவேண்டுமென்று கேட்டதும், அவர் அதற்காக இறைவனிடம் இறைஞ்சியதும், அந்த நாள் பெருநாளாக வேண்டுமென்று கேட்டுக்கொண்டதும் அங்கேதான் வருகின்றன. அதே அத்தியாயத்தில்தான் வேதக்காரரின் உணவு எமக்கு ஆகுமென்ற அனுமதியும் இருக்கிறது. சிலுவை விடயத்தில் எமது நம்பிக்கையும் அவர்களுடைய நம்பிக்கையும் வேறு வேறு. அதை மூடி மறைத்துப் பேசுவதில் நன்மையில்லை, மாஸ்டரும் நானும் மூடியதுமில்லை. வாலிப வயதில் அதைப்பற்றி இரவிரவாகத் தர்க்கித்திருக்கிறோம். ஆனால் மேசையைப் பற்றி இரண்டு வேதத்துக்கும் தகராறு இல்லை.

அன்று அதிகம் பேசவில்லை. பாங்கு சொல்லக் கேட்டதும் மாஸ்டர்தான் முதலில் பேரீச்சம்பழத் தட்டை எம் பக்கம் தள்ளினார். பின் அவர்கள் தமது ஜெபத்தைச் சொன்னார்கள். காயப்பட்ட அந்தப் பெண் எப்படியிருக்கிறாள் என்று என் மனைவி கேட்டாள். மூன்று ஆண்டு பிந்திய கேள்வி. கலியாணம் முடித்து மட்டக்களப்பிலேயே இருக்கிறாள், ஒரு காது மட்டும் சரியாகக் கேட்காது என்றார் டீச்சர். அதற்குப் பின் கொஞ்ச நேரம் பாகற்காய்ச் சுண்டலைத்தான் எல்லோரும் உண்டோம்.

சேவல் முடிந்தது. ஒரு துண்டும் மிஞ்சவில்லை.

மறுநாள் வட்டிலப்பப் பாத்திரம் திரும்பி வந்தது, உள்ளே இரண்டு சாய முட்டையோடு. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பது எமது ஊரில் வழக்கமில்லை. டீச்சர் புதிதாக அவித்திருக்க வேண்டும், மேசையில் இருந்த நான்கையும் நாங்கள் தின்றுவிட்டோமே.

2023இலும் 2024இலும் அப்படியே நோன்பு திறக்கும் நேரத்தில் நடந்தது. 2025இல் ஈஸ்டர் ஏப்ரல் 20இல் வந்தது. எமக்கு நோன்புப் பெருநாள் முடிந்து மூன்று வாரமாகியிருந்தது. இனி உங்கள் வழக்கப்படி பகல் சாப்பாடாகவே வைத்துக்கொள்ளலாமே மாஸ்டர் என்றேன். அவர் அப்பியாசக் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"ராவையிலயே இருக்கட்டும் தம்பி. பகல் எண்டா நீங்க கடையப் பாக்கணும் எண்டு எழும்பி ஓடிருவீங்க."

கொப்பியில் இம்முறை லவ் கேக் வெட்டப்படாமல் இருந்தது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், அரைப் பங்கு, நான்கு பேர் என்று எழுதியிருந்தது.